பழைய பிரெஞ்சு வெள்ளி: முத்திரையைப் பார்த்துக் குடும்பத்தைக் கண்டறிவது எப்படி?

பாரிசுக்கு அருகே வசிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வீட்டுப் பழம்பொருள்களைத் தெருவில் பரப்பி விற்கும் சந்தை ஒன்றில் இரண்டு வெள்ளிப் பொருள்கள் வாங்கினேன். ஒன்று, பன்னிரண்டு கரண்டிகள் கொண்ட பெட்டி. ஒவ்வொரு கரண்டியிலும் சிறிய சாய்சதுரத்துக்குள் ஈ, பி என்ற ரோமன் எழுத்துகளும் மடக்குக்கத்தி போன்ற சின்னமும் உள்ளன. தலைக்கவசம் அணிந்த பெண்ணின் முகமும் தனியாக இருக்கிறது. மற்றொன்று, பூவேலை செய்த உப்புக்கிண்ணம். அதன் அடியில் கிரீடம், லில்லிப் பூ, தேய்ந்த எழுத்துகள். விளிம்பில் மிகச் சிறிய அன்னம் ஒன்று. பதினைந்தாம் லூயி காலத்துப் பொருள் என்று விற்றவர் சொன்னார். இவற்றைச் செய்த குடும்பங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?”

கரண்டிகள் பற்றி நல்ல செய்தி சொல்லலாம். உப்புக்கிண்ணம் பற்றிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இரண்டுக்கும் காரணம் புரிய வேண்டுமானால், பிரெஞ்சு முத்திரைகள் எந்த வரிசையில் பொருளின் மேல் விழுந்தன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் எழுத்துகளைப் படித்துவிட்டு, அந்த எழுத்துகளில் தொடங்கும் புகழ்பெற்ற பெயரைத் தேடிப் போகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பிரெஞ்சு வெள்ளியில் குடும்பத்தைச் சொல்வது எழுத்துகளைவிட அவற்றோடு இருக்கும் சின்னம். தந்தைக்கும் மகனுக்கும் எழுத்து மாறும், சின்னம் பல நேரங்களில் மாறாது. அந்தச் சின்னத்தைத் தேடுவதற்கும் முன்னால், பொருள் எந்தக் காலத்தது என்பதை மற்ற முத்திரைகளைக் கொண்டு முடிவு செய்துவிட வேண்டும். காலம் தெரியாமல் பெயர் தேடினால், கிடைக்கும் பெயர் நம் ஆசையிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

காலத்தைப் பிரிக்கும் கோடு 1797. புரட்சிக்கு முன் பாரிசில் வெள்ளி வேலை செய்யும் உரிமை பொற்கொல்லர் சங்கத்தின் கையில் இருந்தது. ஒவ்வொரு ஆசானும், அதாவது சொந்தப் பட்டறை நடத்தும் தலைமைப் பொற்கொல்லரும், தன் முத்திரையைச் சங்கத்திலும் நாணய நீதிமன்றத்திலும் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்றால் காகிதத்தில் கையெழுத்திடுவது மட்டும் அல்ல. முத்திரை ஆணியால் ஒரு செப்புத் தகட்டில் அடித்துக் காட்ட வேண்டும். சந்தேகம் எழுந்தால் பொருளில் உள்ள அடையாளத்தை அந்தத் தகட்டோடு ஒப்பிடுவார்கள். புரட்சியின்போது, 1791இல், சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. சில ஆண்டுகள் எந்த ஒழுங்கும் இல்லை. பிறகு 1797 நவம்பர் 9 அன்று, அதாவது புரட்சிக் காலண்டரில் ஆறாம் ஆண்டு புருமேர் 19 அன்று, இயற்றப்பட்ட சட்டம் எல்லாவற்றையும் புதிதாக அமைத்தது. அன்றிலிருந்து செய்தவரின் முத்திரை சாய்சதுர வடிவத்தில்தான் இருக்க வேண்டும், அதற்குள் பெயரின் முதலெழுத்துகளும் ஒரு சின்னமும் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. வெள்ளி முலாம் அல்லது வெள்ளித் தகடு போர்த்திய பொருள்களுக்குச் சதுர முத்திரை.

எனவே லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எழுத்துகளைச் சுற்றியிருக்கும் கோடு சாய்சதுரமா, சதுரமா, அல்லது உச்சியில் கிரீடம் வைத்த ஒழுங்கற்ற வடிவமா? சாய்சதுரம் என்றால் 1797க்குப் பிந்தையது, திண்ணமான வெள்ளி. சதுரம் என்றால் முலாம். கிரீடம் என்றால் 18ஆம் நூற்றாண்டோ அதற்கு முந்தையதோ. அல்லது அப்படி நம்மை நம்பவைக்க விரும்பிய ஒருவரின் வேலை.

பழைய முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணமும் அதிகப் போலிகளும் அங்கேதான் இருக்கின்றன. பாரிஸ் ஆசானின் முத்திரையில் மேலே கிரீடம் சூடிய லில்லிப் பூ, அதன் கீழே இரண்டு சிறு புள்ளிகள், பெயரின் முதலெழுத்துகள், அவரவர் தேர்ந்தெடுத்த ஒரு சின்னம். அந்த இரண்டு புள்ளிகளை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை ஓர் உறுதிமொழி. அன்றைய அளவுமுறையில் சுத்த வெள்ளி 12 தெனியே, ஒரு தெனியேவுக்கு 24 கிரேன். பாரிஸ் தரம் 11 தெனியே 12 கிரேன், அதாவது ஆயிரத்தில் 958 பங்கு வெள்ளி. உருக்கும்போதும் பொடி வைத்துப் பற்றவைக்கும்போதும் மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, சிறிது இறங்கத்தான் செய்யும் என்பதால் இரண்டு கிரேன் வரை சலுகை உண்டு. அந்தச் சலுகைக்கு மேல் ஒரு கிரேனும் குறையாது என்பதற்கே அந்த இரண்டு புள்ளிகள். ஒவ்வொரு ஆசானும் தனக்கென ஒரு சின்னத்தோடு முத்திரை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 1355இலிருந்தே வருகிறது.

ஆசான் பொருளை முரடாக உருவாக்கியவுடன், மெருகேற்றுவதற்கு முன்பே, தன் முத்திரையை அடித்துவிடுவார். 1672க்குப் பிறகு வெள்ளிக்கு அரச வரியும் வந்தது. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆட்கள் அந்த முரட்டு நிலையிலேயே ஒரு பெரிய முத்திரையை அடிப்பார்கள். ‘இந்தப் பொருளுக்கு வரி பாக்கி’ என்று அதற்குப் பொருள். பாரிசில் அது ஏ என்ற எழுத்தை அடிப்படையாகக் கொண்டது. லியோனுக்கு டி, ரூவாங்குக்கு பி, போர்தோவுக்கு கே என்று அந்தந்த ஊர் நாணயச்சாலையின் எழுத்தே வரி முத்திரைக்கும் வந்தது. பிறகு பொருள் சங்கக் கூடத்துக்குப் போகும். சங்கத்தின் தரக் கண்காணிப்பாளர்கள் மாற்றுச் சோதித்து, அந்த ஆண்டுக்குரிய எழுத்தை அடிப்பார்கள். கடைசியில், வேலை முடிந்து வரியும் கட்டிய பின், மிகச் சிறிய விடுவிப்பு முத்திரை ஒன்று, பெரும்பாலும் விளிம்பிலோ கைப்பிடி அருகிலோ விழும். ஆக, ஒழுங்கான பாரிஸ் பொருளில் நான்கு முத்திரைகள் இருக்க வேண்டும். நான்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

ஆண்டெழுத்தை மட்டும் நம்பக் கூடாது. பாரிஸ் வரிசையில் 23 எழுத்துகள்தான். அவை தீர்ந்ததும் மறுபடியும் ஏயிலிருந்து தொடங்கும். கே என்ற எழுத்து 1750–51க்கும் வரும், 1773–74க்கும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வது வரிக்குத்தகைக்காரரின் முத்திரை. 1750 முதல் 1756 வரை குத்தகை யூலியன் பெர்த் என்பவரிடம் இருந்தது. 1768இல் அது யூலியன் அலத்தேரிடம் போனது. ஒவ்வொரு குத்தகைக்காரரின் ஏயும் வரையப்பட்ட விதத்தில் வேறுபடும். கேயோடு பெர்த்தின் ஏ இருந்தால் பொருள் 1750ஐச் சேர்ந்தது. அலத்தேரின் ஏ இருந்தால் 1773. இந்த இரட்டைப் பூட்டு இருப்பதால்தான் பாரிஸ் வெள்ளியை ஓராண்டு துல்லியத்தில் காலம் கணிக்க முடிகிறது. ஐரோப்பாவில் வேறெந்தக் கைவினைப் பொருளுக்கும் இவ்வளவு நுணுக்கமான பிறப்புச் சான்று அரிது என்பது என் எண்ணம்.

இப்போது குடும்பங்களுக்கு வருகிறேன். சின்னம் எப்படி வழிகாட்டும் என்பதற்கு ஜெர்மேன் குடும்பத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தொமா ஜெர்மேன் 1673இல் பிறந்தவர். ரோமில் பயின்று, பாரிஸ் திரும்பி 1720இல் ஆசானாகப் பதிவு பெற்றார். அவருடைய முத்திரையில் டி, ஜி என்ற எழுத்துகளோடு தொங்கும் ஆட்டுத்தோல், அதாவது கிரேக்கக் கதையில் வரும் பொற்கம்பளித் தோல், இருக்கும். 1748இல் அவர் இறந்தார். மகன் பிரான்சுவா-தொமா அதே ஆண்டில் பதிவு செய்துகொண்டார். எழுத்துகள் எஃப், டி, ஜி ஆயின. தோல் அப்படியே தொடர்ந்தது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அந்தத் தோலைப் பார்த்தவுடன் தந்தையின் பட்டறை நினைவுக்கு வர வேண்டும் என்பதே நோக்கம். 1755இல் லிஸ்பனை நிலநடுக்கம் அழித்த பின், போர்த்துக்கீசிய அரசவை தன் மேசைக்கான வெள்ளியைப் புதிதாகச் செய்யச் சொன்னது இந்த மகனிடம்தான். அவற்றில் பல இன்றும் லிஸ்பனின் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆயினும் 1765இல் அவர் கடனில் மூழ்கித் திவாலானார். ஆகவே எஃப்.டி.ஜி.யும் தோலும் உள்ள பொருளில் ஆண்டெழுத்து 1765க்கு வெகு பிந்தையதாக இருந்தால் சந்தேகம் எழ வேண்டும்.

இதே இடத்தில் இன்னோர் எச்சரிக்கை. பியேர் ஜெர்மேன் என்று ஒருவர் அதே காலத்தில் பாரிசில் வேலை செய்தார். அவினியோனிலிருந்து வந்தவர், ‘ரோமர்’ என்று பட்டப்பெயர் கொண்டவர், திறமையான கைவினைஞர். ஆனால் தொமாவின் குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை. பெயர் ஒன்றுதான், குடும்பம் வேறு. ‘ஜெர்மேன்’ என்ற சொல்லைக் கண்டதும் விலையைப் பத்து மடங்காக்கும் வியாபாரிகள் இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டார்கள். தொமா ஜெர்மேன் செய்த ஒரு சூப்புப் பாத்திரம் 1996இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. அப்படி ஒரு விலை நிற்கும் துறையில், தோல் சின்னத்தைப் போலியாக வெட்டும் ஆசை யாருக்கும் வரும்.

ரொத்தியே குடும்பத்தின் கதை வேறு விதம். அவர்கள் ஆண்ட்வெர்ப் வழிவந்த பதக்கச் செதுக்கர்கள். குடும்பத்தில் சிலர் இங்கிலாந்து நாணயச்சாலையில் அச்சு வெட்டியவர்கள். அந்த வழியில் வந்த ஜாக் ரொத்தியே, அரசவைப் பொற்கொல்லர் நிக்கோலா பெனியேயின் மகளை மணந்து மாமனாரின் பட்டறைக்கு வாரிசானார். பதக்கக் குடும்பம் ஒன்று திருமணத்தின் வழியே வெள்ளிக் குடும்பமானது இப்படித்தான். ஜாக்கின் முத்திரை ஜே, ஆர் எழுத்துகளும் ஒரு கதிர்க்கட்டும். அவர் மகன் ஜாக்-நிக்கோலாவின் முத்திரை ஜே, என், ஆர், அதே கதிர்க்கட்டு. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் 1770இல் செய்யச் சொல்லி கிரிகோரி ஒர்லோவுக்குப் பரிசளித்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிப் பொருள்கள் இந்த மகனின் பொறுப்பில் செய்யப்பட்டவை. அவ்வளவு பெரிய வேலையை ஒரே பட்டறை செய்துவிட முடியாது. பாரிசின் வேறு ஆசான்களிடமும் பகிர்ந்து கொடுத்தார். எனவே அதே தொகுதியைச் சேர்ந்த சில பொருள்களில் வேறு முத்திரைகளும் இருக்கின்றன.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. முத்திரை என்பது ஓவியர் இடும் கையெழுத்து அல்ல. இந்த வெள்ளியின் மாற்றுக்கு நான் பொறுப்பு என்று சட்டத்தின் முன் ஒருவர் சொல்வது அது. சுத்தியல் பிடித்தது பெயர் தெரியாத கூலியாளாக இருக்கலாம், வரைந்தது ஒரு சிற்பியாக இருக்கலாம், விற்றது இன்னொரு கடையாக இருக்கலாம். ‘ரொத்தியே தன் கையால் செய்தது’ என்று எந்த முத்திரையும் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இது இன்னும் கூடியது. அடியில் முழுப் பெயரும் தெருப் பெயரும் பெரிதாகப் பொறித்திருக்கும். அது பல நேரங்களில் விற்ற கடை. செய்தவர் யார் என்று அருகிலுள்ள, அரிசியைவிடச் சிறிய சாய்சதுரம்தான் சொல்லும்.

கைம்பெண்களையும் மறந்துவிடக் கூடாது. ஆசான் இறந்தால் அவர் மனைவி பட்டறையைத் தொடர்ந்து நடத்தச் சங்கம் இடம் கொடுத்தது. குடும்ப வரிசையில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே சில ஆண்டுகள் வெற்றிடமாகத் தெரிந்தால், அங்கே பெரும்பாலும் ஒரு தாய் இருந்திருப்பார். சாய்சதுரக் காலத்தில் பிரெஞ்சு மொழியில் கைம்பெண் என்பதைக் குறிக்கும் வி, ஈ எழுத்துகள் முத்திரைக்குள்ளேயே வருவதும் உண்டு.

பாரிசுக்கு வெளியே நிலைமை ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில், குறிப்பாகத் தெற்கில், முதலெழுத்துக்குப் பதில் குடும்பப் பெயரையே முழுதாக அடித்தார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பாட்டன், மகன், பேரன், தம்பி எல்லோருக்கும் ஒரே சொல் என்பதால் ஆளைப் பிரிப்பது பாரிசைவிடக் கடினம். அங்கே ஊர்ச் சங்கத்தின் ஆண்டெழுத்துதான் துணை. ஸ்ட்ராஸ்பூர்க் தனி உலகம். 1681இல்தான் அது பிரான்சோடு சேர்ந்தது. ஜெர்மானிய வழக்கப்படி பதினாறுக்குப் பதின்மூன்று பங்கு என்ற தரத்தைத் தொடர்ந்தது, அதாவது ஆயிரத்தில் சுமார் 812. 13 என்ற எண் அந்த ஊர் முத்திரையிலேயே இருக்கும். இம்லின், கிர்ஸ்டைன் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்க முலாம் பூசிய வெள்ளி வேலையில் அங்கே பெயர் பெற்றன. பாரிஸ் அட்டவணையை வைத்துக்கொண்டு ஸ்ட்ராஸ்பூர்க் பொருளைப் படிக்க முயல்வது வீண்.

புரட்சிக்குப் பிந்தைய காலத்தில் தர முத்திரையின் உருவமே காலத்தைச் சொல்லிவிடும். 1798 முதல் 1809 வரை ஒரு வகைச் சேவல், 1809 முதல் 1819 வரை வேறு வகைச் சேவல், 1819 முதல் 1838 வரை முதியவரின் தலை, 1838 முதல் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலை. முதல் தரம் 950, இரண்டாம் தரம் 800. மினர்வாவின் அருகே உள்ள 1 அல்லது 2 என்ற எண் தரத்தைக் காட்டும், தலையைச் சுற்றியிருக்கும் கோட்டின் வடிவமும் இரண்டுக்கும் வேறுபடும். சிறு பொருள்களுக்கு 1838 முதல் பாரிசில் காட்டுப்பன்றித் தலை, மற்ற மாவட்டங்களில் நண்டு. அதே ஆண்டில் பழைய இருப்புகளை மறுசோதனை செய்தபோது ஒட்டகச்சிவிங்கித் தலை அடித்தார்கள். ஒரு தேநீர்க் குடுவையில் அந்த நீண்ட கழுத்தைக் கண்டால் திகைக்க வேண்டாம். 1838இல் அது ஏற்கெனவே இருந்த பொருள் என்று பொருள்.

சேவல் காலத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த சின்னம் இருக்கிறது. மார்த்தேன்-கியோம் பியென்னே முதலில் பொற்கொல்லரே அல்லர். பாரிஸ் சேன்-ஒனோரே தெருவில் ‘ஊதாக் குரங்கு’ என்ற அடையாளப் பலகையின் கீழ் பயணப் பெட்டிகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்து விற்றவர். பழைய சங்க விதி நீடித்திருந்தால் வெள்ளியைத் தொட்டிருக்கவே முடியாது. புரட்சி அந்தத் தடையை உடைத்தது. நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்குத் தங்க இலை மகுடம் செய்யும் அளவுக்கு உயர்ந்தார். அவருடைய சாய்சதுரத்தில் பி என்ற எழுத்தும் ஒரு குரங்கும். கடையின் பலகை அப்படியே முத்திரைக்குள் வந்துவிட்டது. சின்னம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இப்படிக் கடைப் பலகைக்கோ பழைய தொழிலுக்கோ போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம்.

ஒடியோ குடும்பத்தின் சின்னம் பழங்கால எண்ணெய் விளக்கு. ஜான்-பத்தீஸ்த்-க்ளோத் ஒடியோ 1785இல் ஆசானாகி, புரட்சியைக் கடந்து, நெப்போலியன் பேரரசின் பெரிய வெள்ளிப் பட்டறையாளரானவர். 1811இல் நெப்போலியனின் மகனுக்குச் செய்த தொட்டிலில் வெண்கலக் கலைஞர் தொமீருடன் சேர்ந்து வேலை செய்தார். அவர் சாய்சதுரத்தில் ஜே, பி, சி, ஓ எழுத்துகளும் விளக்கும். மகன் ஷார்ல்-நிக்கோலாவுக்கு சி, ஓ எழுத்துகளும் விளக்கும். பேரன் குஸ்தாவ் காலத்திலும் விளக்கு அணையவில்லை. ஒடியோ பாணியில் ஒரு சிக்கல் உண்டு. 1809இல் போட்டியாளர் ஆன்றி ஒகுஸ்த் திவாலானபோது, அவருடைய மாதிரிகள் பலவற்றை ஒடியோ வாங்கிக்கொண்டார். எனவே உருவத்தை மட்டும் பார்த்து ‘இது ஒகுஸ்த், இது ஒடியோ’ என்று சொல்வது ஆபத்து. முத்திரையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கரண்டிகள். ஈ, பி எழுத்துகளோடு மடக்குக்கத்தி இருந்தால் அது புயிஃபோர்கா குடும்பம். 1820இல் கத்திகள், மேசைக் கரண்டிகள் செய்யும் பட்டறையாகத் தொடங்கியவர்கள். கத்தி அந்தத் தொழிலின் நினைவு. எழுத்துகள் எமீல் புயிஃபோர்காவைக் குறிக்கின்றன. ஆனால் உங்கள் கரண்டிகளை எமீல்தான் செய்தார் என்று இதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. இந்தக் குடும்பம் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே தொடர்ந்தது. 1897இல் பிறந்து 1945இல் இறந்த ஜான் புயிஃபோர்கா, 1920, 30களின் ‘ஆர்ட் டெக்கோ’ பாணிக் காலத்தின் மிகச் சிறந்த வெள்ளிக் கலைஞர். அவருடைய உருளைகளும் கூம்புகளும் கொண்ட தேநீர்ப் பாத்திரங்களிலும் இதே எமீலின் எழுத்துகளும் கத்தியும்தான் இருக்கின்றன. ஆகவே இங்கே தலைமுறையைச் சொல்ல வேண்டியது வடிவம். கைப்பிடியில் சங்கு, ரிப்பன், இலை வேலை இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ. அலங்காரமே இல்லாமல் கோணமும் வளைவும் மட்டும் இருந்தால் ஜானின் காலம் என்று தேடத் தொடங்கலாம். மினர்வாவும் இருப்பதால் வெள்ளி திண்ணமானது. அதன் அருகே 1 என்ற எண் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தக் குடும்பம் பழைய வெள்ளியைச் சேகரிப்பதிலும் பெயர் பெற்றது. லூயி-விக்தோர் புயிஃபோர்கா திரட்டிய தொகுப்பை 1955இல் கிரேக்கக் கப்பல் அதிபர் ஸ்தாவ்ரோஸ் நியார்கோஸ் வாங்க, அதன் ஒரு பகுதி லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கரண்டிகளில் இன்னும் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. முலாம் பூசிய கரண்டிகளில் 84, 90, 100 போன்ற எண்கள் சதுரத்துக்குள் இருக்கும். அதை வெள்ளியின் தரம் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஒரு டஜன் கரண்டி, ஒரு டஜன் முட்கரண்டி ஆகியவற்றின் மேல் மொத்தம் எத்தனை கிராம் வெள்ளி படியவைக்கப்பட்டது என்ற கணக்கு அது. 84 என்றால் ஒரு கரண்டிக்கு மூன்றரை கிராம்தான். 1842இல் மின்முலாம் உரிமைகளை வாங்கிய கிறிஸ்தோஃப்ல் நிறுவனத்தின் பொருள்களும் பெரும்பாலும் இந்த வகைதான். நன்றாகச் செய்யப்பட்டவை, பயன்படுத்த இனியவை, ஆனால் திண்ணமான வெள்ளியின் விலை கொடுக்கத் தேவையில்லை.

உப்புக்கிண்ணத்தில் உள்ள அன்னம் 1893இல் வந்த முத்திரை. சுங்க ஒப்பந்தம் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவற்றுக்கும், பிறப்பிடம் தெரியாமல் சந்தைக்கு வந்த பொருள்களுக்கும் அதை அடித்தார்கள். அன்னம் இருப்பதாலேயே பொருள் வெளிநாட்டுடையது என்று ஆகிவிடாது. ஆனால் வெள்ளியின் தரத்துக்குச் சான்று தரும் அரசின் உத்தரவாத அலுவலகம் அதை ஏற்கெனவே முறைப்படி முத்திரை பெற்ற பிரெஞ்சுப் பொருளாக ஏற்கவில்லை என்பது உறுதி. கிரீடமும் லில்லியும் அன்னமும் சேர்ந்து வரும்போது எனக்கு முதலில் தோன்றுவது ஹானாவ். ஜெர்மனியின் அந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பாணி வெள்ளியைப் பெருமளவில் செய்தார்கள். பிரெஞ்சு முத்திரைகளைப் போலத் தோன்றும் கற்பனை முத்திரைகளையும் அடித்தார்கள். பொருள் மட்டமானது என்று சொல்லவில்லை. ஹானாவ் வேலை சில நேரம் மிக நேர்த்தியானது. ஆனால் அது பதினைந்தாம் லூயியின் காலம் அல்ல.

என் ஊகத்தை நீங்களே சோதிக்கலாம். அடியில் நான்கு தனித்தனி முத்திரைகள் இருக்கின்றனவா, அல்லது கிரீடமும் லில்லியும் எழுத்தும் ஒரே வரிசையில் ஒழுங்காக நிற்கின்றனவா? லில்லியின் கீழே இரண்டு புள்ளிகள் உண்டா? முரட்டு நிலையிலேயே அடிக்கப்பட்டு, பின் சுத்தியலும் மெருகும் பட்ட உண்மையான பழைய முத்திரைகள் பெரும்பாலும் கொஞ்சம் நசுங்கியோ நீண்டோ இருக்கும். விளிம்புகள் உள்ளே சாய்ந்து, தரை பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது அடித்ததல்ல, வார்ப்பில் வந்தது. இரண்டு கிண்ணங்களில் ஒரே முத்திரை ஒரே கோணத்தில், ஒரே கீறலோடு இருந்தால் ஐயமே வேண்டாம். இன்னொரு தந்திரம், உடைந்த பழைய கரண்டியிலிருந்து உண்மையான முத்திரையை வெட்டி எடுத்துப் புதுப் பாத்திரத்தின் அடியில் பற்றவைப்பது. அடிப்பகுதியின் மேல் வாயால் ஊதி ஆவி படியவைத்தால், பற்றவைத்த கோடு ஒரு கணம் வேறு நிறத்தில் தெரியும். 1819க்குப் பிந்தைய பொருளில் முத்திரையின் நேர்பின்புறத்தையும் பாருங்கள். அந்தக் காலத்திலிருந்து பூச்சி உருவங்கள் செதுக்கிய பட்டடையின் மேல் வைத்துத்தான் அரசு முத்திரையை அடித்தார்கள். மேலே மினர்வா விழும்போதே கீழே பூச்சியின் காலோ இறகோ பதியும்.

18ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்களின் அடியில் கீறி எழுதிய எடையும் உதவும். மார்க், ஓன்ஸ், க்ரோ என்ற அளவுகளில் இருக்கும். ஒரு மார்க் 244.75 கிராம், அதில் எட்டு ஓன்ஸ், ஓர் ஓன்சுக்கு எட்டு க்ரோ. கீறிய எடையைவிட இன்றைய எடை சற்றே குறைந்திருந்தால் தேய்மானம், இயல்பு. அதிகமாக இருந்தால் யாரோ எதையோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

பதினான்காம் லூயி 1689இலும் 1709இலும் வெள்ளியை உருக்கவைத்தார். வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலிகளே அப்படித்தான் நாணயமாயின. 1759இல் பதினைந்தாம் லூயி காலத்தில் மறுபடியும் வெள்ளி நாணயச்சாலைக்குப் போனது. பிறகு புரட்சி வந்தது. அத்தனை உலைகளையும் தப்பிய பாரிஸ் வெள்ளி உலகெங்கும் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அது கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். கிடைத்தால் நான்கு முத்திரைகளும் ஒத்துப்போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் மெருகுப் பசையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மெருகும் முத்திரையின் ஒரு படலத்தைக் கொண்டுபோகும். மெழுகுவர்த்திப் புகையை முத்திரையின் மேல் லேசாகப் படியவைத்து, ஒட்டும் கண்ணாடி நாடாவை அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். புகைப்படத்தில் தெரியாத எழுத்தும் சின்னமும் இதில் தெளிவாக வரும். கரண்டிகளில் ஒன்றுக்கும், கிண்ணத்தின் அடியில் உள்ள ஒவ்வொரு முத்திரைக்கும், அன்னத்துக்கும் தனித்தனியாக இப்படி எடுங்கள். கிண்ணத்தின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளியின் மாற்றில் ஐயம் இருந்தால் பிரெஞ்சுச் சுங்கத்துறையின் கீழ் இயங்கும் உத்தரவாத அலுவலகம் சோதித்துச் சொல்லும். பாரிசுக்கு அருகிலேயே இருப்பதால், திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மொன்சோ தெருவில் உள்ள நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகத்துக்கும் ஒரு முறை போய்வாருங்கள். ஒர்லோவுக்குச் செய்த வெள்ளியின் சில பொருள்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் கிண்ணத்தின் பூவேலையை அந்த வேலையோடு மனத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாடாப் பிரதிகளோடு எழுதுங்கள். தேய்ந்த எழுத்துகளைப் பிறகு சேர்ந்து படிக்கலாம்.